கஞ்சியை ஊதும் பெண்

நீங்கள் கொடுத்திருக்கும் தாள் நல்ல தாள், இன்ஸ்பெக்டர் ஐயா. விரலுக்கிடையில் வைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது, வெட்டினால் ஓரம் பிசிறாது. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு மழைக்காலத்தில் ஊறிப்போகிற சரக்குதான் வருகிறது. இது புகார் இல்லை, கண்ணில் பட்டதால் சொன்னேன். தமிழிலேயே எழுது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். அதனால் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

என் பெயர் முருகையா. மொகல் தெருவை ஒட்டிய சந்தில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருக்கிறேன். ரங்கூனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. நாலு மரத்துண்டை மூலை சேர்த்து ஆணி அடிப்பதோடு என் வேலை முடிந்துவிடாது. சாமி படம் கொண்டுவந்தால் முருகனுக்குச் சரிகை வேட்டி ஒட்டுவேன். லட்சுமிக்குச் சிவப்புத் துணியில் சேலை வெட்டி, கொசுவம் வைத்து ஒட்டுவேன். கிரீடத்துக்குச் சமிக்கி, மூக்குக்கு ஒற்றைக் கல். கடையை விட்டு வெளியே போகும் முன் ஒவ்வொரு படத்துக்கும் நானே பொட்டு வைப்பேன். பொட்டு வைக்காமல் என் கடையிலிருந்து போனது ஒரே ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

பசுண்டாங் ஓடைக்கரையில் இருக்கும் அரிசி மில்லின் மேனேஜர் மக்கின்லி துரை போன பிப்ரவரியில் ஒரு தோல் உறையோடு கடைக்கு வந்தார். கூடவே அவருடைய பட்லர் காஜா மைதீன். காஜா பாய் எனக்குப் பழக்கமானவர்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்போம், ஒருவர் சர்க்கரையை ஒருவர் குறை சொல்வோம்.

உறைக்குள் இருபத்தொரு படங்கள். எல்லாம் கறுப்பு மை, கலர் கிடையாது. போன நூற்றாண்டில் பிரான்சு தேசத்துச் சித்திரக்காரர் ஒருவர் போட்டவையாம். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் முக்கினால், கீறிய இடத்தை மட்டும் திராவகம் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தில் மை இறக்கித் தாளை வைத்து அழுத்தினால் படம். துரை இதைப் பொறுமையாக விளக்கினார். சித்திரக்காரரின் பெயரையும் சொன்னார், அது என் வாயில் நுழையவில்லை.

பிரான்சு என்றதும் நான் ராஜா ராணியை எதிர்பார்த்தேன். உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அறுத்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள். மண் கொத்தும் இரண்டு ஆண்கள். எரு வண்டி தள்ளும் ஒருவர். நின்றபடி வெண்ணெய் எடுக்கும் ஒருத்தி. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புருஷனோடு வேலைக்குப் போகும் ஒருத்தி. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, கரண்டிக் கஞ்சியை வாயருகே கொண்டுபோய் ஊதி ஆற்றும் ஒருத்தி. இவர்களையெல்லாம் சீமையில் கண்ணாடி போட்டு மாட்டுவார்களா என்று துரையைக் கேட்டேன். தன் தாயாரும் ஸ்காட்லாந்தில் இப்படிக் குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்கியவள்தான் என்றார் அவர். பிறகு, எட்டு மாதம் விடுப்பில் ஊருக்குப் போகிறேன், திரும்பி வருவதற்குள் எல்லாவற்றுக்கும் தேக்கில் பிரேம் போட்டு வை என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். அவை அவருக்கும் ஒரு வகையில் அம்மா படங்கள்தான் என்று அவருடைய வக்கீல் வாதாடலாம். ஆனால் அவர் அவற்றுக்கு ஒரு பூ வைத்தவரில்லை, ஒரு விளக்கு ஏற்றியவரில்லை. ஏழு வருடமாக அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அம்மாவை அப்படி வைக்கிறவரை என்னவென்று சொல்வது.

மார்ச் மாதம் சின்னத்தம்பி வந்தார். துறைமுக ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர், அறந்தாங்கிப் பக்கத்து ஆள். கையில் ஒரு கார்டு. சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்தவுடன் கிழித்துப் போடுவது எங்கள் வழக்கம். வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. அவர் கிழிக்காமல் எட்டு நாள் மடியில் வைத்திருந்தார்.

"பதினாறுக்குப் படைக்கணும்ணே. ஆத்தா படம் ஒண்ணு வேணும்."

போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது ஆயுசுல கேமராவ எங்கண்ணே பாத்துச்சு?"

லட்சுமி படத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினார். "அது சாமிண்ணே. எங்காத்தா சாமியாட்டம் இருக்காது."

அப்போது மேஜை மேல் அந்த மூன்று பெண்கள் விரித்துக் கிடந்தார்கள். அவர் கண் அங்கே போனது. போன கண் திரும்பவில்லை. நடுவில் குனிந்திருப்பவள் மேல் விரலை வைத்தார். தாளில் விரல் படக் கூடாதுதான்.

"இதுதாண்ணே ஆத்தா. அறுப்பு முடிஞ்சா இப்படித்தான் சிந்துன கதிர் பொறுக்கும்."

"முகமே தெரியவில்லையே, சின்னத்தம்பி."

"எனக்கு நெனவிருக்கறதும் முதுகுதாண்ணே. நான் கப்பலுக்குக் கெளம்புனப்ப வயல்ல நின்னுச்சு. கூப்புட்டேன், காதுல விழல."

இதற்குப் பிறகு என்ன செய்வது, ஐயா. நீங்களே சொல்லுங்கள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. நடுப்பெண்ணை மட்டும் வளைத்து வெட்டி எடுத்தேன். சிவப்புத் துணியில் சேலை ஒட்டினேன், ஓரத்தில் மெல்லிய சரிகை. தலைத்துணியை முக்காடாக்கினேன். பொட்டு வைக்க நெற்றி தெரியவில்லை, அதனால் கண்ணாடியின் மேல் வைத்தேன். சின்னத்தம்பி படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று அழுதார். ஆறடி மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் கண் கலங்கியது. நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தது.

மீதி இரண்டு பெண்கள் நடுவில் ஓட்டையோடு கிடந்தார்கள். ஓட்டை விழுந்த படத்துக்குத் துரையும் பிரேம் கேட்கமாட்டார். அந்த இரண்டு பேரும் அடுத்த வாரமே வேறு வேறு வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

ஜெட்டியில் பேச்சு பரவ எத்தனை நாள் ஆகும். முருகையா கடையில் போட்டோ இல்லாதவர்களுக்கும் அம்மா அப்பா கிடைக்கிறார்கள் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை, யார் தலையிலும் எதையும் கட்டவில்லை. உறையை விரித்து வைப்பேன், அவர்களே கண்டுபிடிப்பார்கள். குப்புசாமியும் அவன் அண்ணனும் ஒருவரோடொருவர் பேசி ஐந்து வருடம் ஆகிறது. அப்பா எனக்கு, உனக்கில்லை என்று என் கடையிலேயே சண்டை. மண் கொத்தும் இரண்டு பேரைப் பிரித்து ஆளுக்கு ஒருவராகக் கொடுத்தேன். இரண்டு பேரும் தன்னுடையவர்தான் அசல் அப்பா என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தாமுவே பக்கம் காய்கறி விற்கும் வேலம்மா தன் மாமியாரைத் தேடி வந்தாள். வெண்ணெய் எடுப்பவளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க மாமியா மோர்ல வெண்ணெயே விடமாட்டா. கடைஞ்சு கடைஞ்சு எடுத்துருவா. இவ மூஞ்சியிலயும் அதான் எழுதியிருக்கு. குடுங்க."

ஆளுக்கு ஏற்றபடி அலங்காரம் செய்தேன். சுமங்கலியாகப் போனவர்களுக்கு மஞ்சளும் தாலியும், மற்றவர்களுக்கு வெள்ளைத் துணி. ஆண்களுக்கு வேட்டி, சிலருக்குத் தலைப்பாகை. ஒருவர் கேட்டார் என்று எரு வண்டிக்காரருக்கு மீசையும் வரைந்தேன். இருபத்தொரு தாளில் முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள். செப்டம்பருக்குள் உறையில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம்.

என் மனைவி மா சேன் பர்மாக்காரி. எட்டு வருடத்துக்கு முன் எங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது உன் அம்மா எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழுதாள். அழுகிறவளிடம் மேற்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது அழகில்லை. அன்றிலிருந்து புத்தர் கோயிலான பகோடாவுக்குப் போகும்போதெல்லாம் மாமியார் பேருக்கு ஒரு பூ வைத்துவிட்டு வருவாள். கடையில் நடப்பதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"கோ முருகையா, ஊரு ஆளு எல்லாத்துக்கும் நீ அமே குடுக்குற. நம்ம வூட்ல அமே எங்க?"

அவர்கள் பேச்சில் கோ என்பது ஆண்களுக்கு மரியாதை, அமே என்றால் அம்மா. நியாயமான கேள்வி. அதனால் கடைசித் தாளை எடுத்தேன், கஞ்சியை ஊதுகிறவளை. மற்ற எல்லோரையும் விட அவளை வெட்டத்தான் நேரம் பிடித்தது, காரணம் மடியில் இருந்த குழந்தை. செத்துப்போன அம்மா படத்தில் கைக்குழந்தை எதற்கு. பார்க்கிறவர்கள் யார் குழந்தை என்று கேட்பார்கள். அதனால் குழந்தையைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பச்சைத் துணியில் மடிப்பு வைத்து மூடிவிட்டேன், கண்ணுக்குத் தெரியாது. இப்போது அவள் யாருக்கும் இல்லாமல் கஞ்சியை ஊதிக்கொண்டிருக்கிறாள். பரவாயில்லை, ஆறட்டும். வெட்டிய குழந்தை என் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்று சோதனை போட்டபோது உங்கள் கான்ஸ்டபிள் எடுத்துப் பார்த்து, உன் பிள்ளையா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கடைச் சுவரில் மாட்டி மாலை போட்டேன். மா சேன் தினமும் காலையில் அவளுக்குச் சோறு வைப்பாள். கண்ணாடியின் மேல், கன்னம் இருக்கும் இடமாகப் பார்த்துத் பர்மாப் பெண்கள் முகத்தில் பூசும் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைத் தன் கையாலேயே பூசுவாள். என்னைப் பற்றி இருக்கிற புகாரையெல்லாம் அவளிடம்தான் சொல்வாள். உயிரோடிருக்கும் மாமியாரிடம் எந்த மருமகளும் இவ்வளவு பிரியமாகப் பேசி நான் கேட்டதில்லை. படத்தில் இருப்பவளைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன், மா சேன் சாட்சி.

அக்டோபரில் துரை திரும்பினார். பெட்டியை வாங்கிப் போகக் காஜா பாய் வந்தார். துரை பிரேம் போடச் சொன்னார், போட்டிருந்தேன். இருபத்தொரு தேக்கு பிரேம், மூலை ஒட்டு தெரியாது, கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. உள்ளே வெள்ளைத் தாள். பெட்டியை ஆணி அடித்து மூடியிருந்தேன். காஜா பாய் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்ப்பது என்னை அவமதிப்பதாகும் என்று நினைத்திருப்பார். படங்கள் இருபத்தொன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று நான் எழுதிய சீட்டில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவரை நீங்கள் கொண்டுவந்து அடைத்தீர்கள். என்னிடமும் வந்து விசாரித்தீர்கள். நான் சீட்டைக் காட்டினேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் வாய் திறந்து சொல்லவில்லை.

திருட்டுப் படங்களைத் தேடி உங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போனதும் எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை, விவசாயிகள் என்று எழுதிய காகிதம் அவர்கள் கையில் இருந்தது. சின்னத்தம்பி வீட்டில் சிவப்புச் சேலை கட்டிய ஆத்தாவுக்கு எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிவிட்டு, எப்போது தவறினார்கள் என்று கேட்டாராம். குப்புசாமி வீட்டில் அவருக்குப் பிரசாதம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் அந்தப் படங்கள் அறவே இல்லாத வீடு காஜா பாய் வீடு ஒன்றுதான்.

அதை என்னிடம் சொன்னது அவர் மனைவி கமருன்னிசா. சிறையில் அவரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க வூட்ல உருவப்படமே வைக்கிறதில்லண்ணே. மார்க்கத்துல கெடையாது. அத எடுத்துட்டு வந்து அவுஹ என்ன செய்வாஹ, நீங்களே சொல்லுங்க. போலீசுல அடிச்சிருக்காஹளோ என்னமோ, எனக்கிட்ட சொல்லமாட்டேங்குறாஹ. முருகையாண்ணனக் கேளு, அவருக்குத் தெரியும், அவரு பேசுவாருங்குறாஹ."

எனக்குத் தெரியும்தான். பேச வேண்டும் என்றும் தெரியும். ஆனால் நான் பேசினால் நீங்கள் அந்த முப்பத்துநான்கு பேரையும் சுவரிலிருந்து இறக்குவீர்கள். சேலையைக் கிழித்து, பொட்டை அழித்து, மீசையைச் சுரண்டி, துரைக்குத் திருப்பிக் கொடுப்பீர்கள். போட்டோ இல்லாதவன் அம்மா இரண்டாவது தடவை சாவாள். ஒரு பக்கம் ஒரு காஜா பாய், இன்னொரு பக்கம் முப்பத்துநான்கு பெற்றவர்கள். இப்படி யோசித்து ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். கமருன்னிசாவுக்கு அல்லாமீது பாரத்தைப் போடு என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

பத்தாம் நாள் காலை மனம் பொறுக்காமல் இங்கே வந்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. இப்போது எல்லாவற்றையும் சொல்லியாயிற்று: படங்களை வெட்டியவன் நான், வெள்ளைத் தாளை வைத்துப் பெட்டியை மூடியவன் நான், காஜா பாய் ஒரு பாவமும் அறியாதவர். தாமதிக்காமல் அவரை விட்டுவிடுங்கள். வீடுகளில் இருக்கும் படங்களைத் தொடாதீர்கள். ஒன்றிரண்டு வருடம் கூடப் போட்டாலும் சரி, என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் மேஜை இழுப்பறையில் பிரிக்காத கடிதங்கள் ஒரு கட்டு அகப்பட்டதே, அது என்ன என்று நேற்று கேட்டீர்கள். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் கேட்டதற்கு மரியாதையாகச் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து மாதம் ஒன்று வரும். அனுப்பியது கனகாம்பாள் என்று உறைமேல் இருக்கும். இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நான் கப்பல் ஏறினேன். மூன்றாவது வருடம் போக வெட்கமாக இருந்தது. நான்காவது வருடம் அதைவிட வெட்கமாக இருந்தது. கடிதத்தைப் பிரித்தால் இன்னும் அதிகமாகும் என்று பிரிப்பதை விட்டுவிட்டேன். பிறகு மா சேன் கேட்டாள், நான் இல்லை என்றேன், எல்லாம் சுலபமாகிவிட்டது. இத்தனை நாள் கழித்து ஒருவர் மாலைக்கு அடியிலிருந்து கடிதம் எழுதினால் யார் பொறுப்பு.

போன செவ்வாய்க்கிழமை வந்தது உறை இல்லை, கார்டு. கார்டைப் படிக்காமல் இருக்க முடியாது, கண்ணில் பட்டுவிடும். யாரிடமோ சொல்லி எழுதியிருந்தாள். கண் மங்கிக்கொண்டு வருகிறது, முழுசாக மங்குவதற்குள் உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், வருகிற சனிக்கிழமைக் கப்பலில் வந்து இறங்குகிறேன், உனக்கு வேலை இருந்தால் அலைய வேண்டாம், விசாரித்துக்கொண்டு நானே வந்துவிடுவேன். இவ்வளவுதான் எழுதியிருந்தது. படித்தவுடன் கிழித்துப் போட்டேன். அப்படிப்பட்ட கார்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கார்டு வந்தது செவ்வாய், நான் இங்கே வந்தது புதன். நீங்கள் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தீர்கள். அது தற்செயல்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். என்னை ஜாமீனில் விடவேண்டாம். பார்வையாளர் யார் வந்தாலும் அனுமதிக்க வேண்டாம், முக்கியமாகச் சனிக்கிழமை. அன்றைக்கு ஒரு கிழவி மூட்டையோடு ஸ்டேஷனுக்கு வரக்கூடும். கனகாம்பாள் என்று பெயர் சொல்வாள், முருகையாவின் அம்மா என்பாள். நம்பிவிடாதீர்கள். ஆள்மாறாட்டமும் குற்றம்தானே. அவளை என் கடைக்கு அழைத்துப் போய், என் அம்மா யார் என்று சுவரில் காட்டுங்கள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, கொஞ்சம் கிட்டத்தில் நிறுத்திக் காட்டுங்கள்.